ஞாயிற்றுக்கிழமை ஒப்பந்தம்

தேவாலயத்தில் எல்லோரும் எழுந்து நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். லோர்னா டீக் மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற மகள் டெஸ்ஸா அதை மெல்ல வாங்கி, திருப்பிக் கையில் வைத்தாள்.

"என்னம்மா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லை. பாடு."

ஒன்றுமில்லாமல் இல்லை. போன ஞாயிறு மதியச் சாப்பாட்டு மேஜையில் டெஸ்ஸா அந்தச் செய்தியைச் சொன்னதிலிருந்தே லோர்னாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

டெஸ்ஸா மாநிலப் பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியில் பந்து வீசுகிறவள். ஓக்லஹோமாவில் அது சின்ன விஷயமில்லை. அவள் கையைச் சுழற்றி வீசும் பந்தைப் பார்க்க ஊர் ஊராக வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த முகத்தைத்தான் பர்ல் ஸ்ட்ரௌட் கேட்டிருந்தார். ஹார்லன் ஸ்பிரிங்ஸில் பிக்-அப் வண்டி விற்கிற ஸ்ட்ரௌட். நெடுஞ்சாலை ஓரமெல்லாம் டெஸ்ஸாவின் படம் போட்ட பலகைகள். அதற்கு ஆண்டுக்கு ஒரு தொகை, ஓட்டிக்கொள்ள ஒரு புது வண்டி.

"சட்டப்படி எல்லாம் சரி. காலேஜ் ஆபீஸ்ல சொல்லி ஒப்புதல் வாங்கணும், அவ்வளவுதான்" என்றாள் டெஸ்ஸா.

அவளுடைய அண்ணன் ரெட் தட்டில் பாதி இறைச்சியோடு எழுந்துவிட்டான். "அந்த ஆளு வண்டியில ஏறினா என் வீட்டுப் பக்கம் வராதே" என்று சொல்லிவிட்டுப் போனவன், ஒரு வாரமாக அம்மாவிடம்கூடப் பேசவில்லை.

காரணம் ஊருக்கே தெரியும். பதினான்கு வருடத்துக்கு முன்னால் அதே பல்கலைக்கழகத்தின், ஹெல்மெட் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால் அணியில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடியவன் ரெட். ரசிகர்களுக்கு விற்க பர்ல் ஸ்ட்ரௌட் கொடுத்த ஹெல்மெட்டுகளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக் கொஞ்சம் பணம் வாங்கினான். அன்றைய விதியில் அது குற்றம். மைதானத்தில் எத்தனை ஆயிரம் பேர் அவன் பெயரைக் கத்தினாலும் சரி, அந்தப் பெயரை வைத்து அவன் ஒரு காசு சம்பாதிக்கக் கூடாது. விசாரணை வந்தது. ரெட் இல்லை என்றான். பர்லும் இல்லை என்றார். ஆனாலும் எப்படியோ உண்மை வெளியே போனது. அணி போனது, படிப்புக்கான உதவித்தொகை போனது. ரெட் இப்போது டயர் கடையில் வேலை செய்கிறான்.

பர்ல்தான் காட்டிக் கொடுத்தான் என்று ரெட் நம்புகிறான். அது பொய் என்று ஊரில் மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவர், லோர்னாவின் கணவர் டேல், இப்போது கல்லறையில் இருக்கிறார். இன்னொருவர் பர்ல்.

மூன்றாவது ஆள் பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தவள்.

* * *

பிரார்த்தனை முடிந்து வெளியே வந்தபோது காற்று பருத்திக் காட்டுத் தூசியை வாரி அடித்தது. புது வண்டியை பர்ல் காலையிலேயே வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டிருந்தார். ஓட்டிப் பார்க்கட்டும் என்றார். அதில்தான் தேவாலயத்துக்கு வந்திருந்தார்கள். டெஸ்ஸா அதில் ஏறி அம்மாவுக்காகக் கதவைத் திறந்து வைத்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போகலாமே. வெண்டைக்காயை மாவுல புரட்டி வச்சிருக்கேன். எண்ணெயில போட்டா ஆச்சு."

"படம் எடுக்கறவங்க காத்துக்கிட்டிருப்பாங்கம்மா. ஞாயித்துக்கிழமை கடை மூடியிருக்கும்னுதான் இன்னிக்கு வச்சிருக்காங்க." டெஸ்ஸா வண்டியைக் கிளப்பினாள். "அப்புறம், ரெட்டும் அங்கே வர்றான்."

லோர்னாவின் கை பெல்ட்டை மாட்டப் போய் நின்றது. "எங்கே?"

"கடைக்கு. நான்தான் வரச் சொன்னேன்."

"உனக்குப் பைத்தியமா? அவனும் பர்லும் அதுக்கப்புறம் ஒரே கூரைக்குக் கீழே நின்னதே இல்லை."

"அதான் வரச் சொன்னேன். ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமலே எத்தனை நாளைக்கு? கிறிஸ்துமஸுக்கு அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமா?"

லோர்னா பெல்ட்டை மாட்டினாள். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள்.

* * *

விற்பனைக் கூடத்தின் நடுவில் இருந்த வண்டிகளை ஒதுக்கி, விளக்குகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். பர்ல் ஸ்ட்ரௌட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்தார். எழுபதை நெருங்குகிற ஆள். வயிறு முன்னால், சிரிப்பு அதற்கும் முன்னால்.

"வாங்க லோர்னா. வா கண்ணு. என்ன சட்டை கொண்டுவந்தே? கல்லூரி சட்டை இல்லையே?"

"இல்லை சார். வெள்ளை."

"நல்லது. கல்லூரி முத்திரை படத்துல வரக் கூடாதாம். அணியோட கலர்கூட வேண்டாம்னு உங்க ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. இப்பல்லாம் விதிப் புத்தகம் என் பைபிளை விடத் தடியா இருக்கு."

டெஸ்ஸா சிரித்துக்கொண்டே உடை மாற்றப் போனாள். பர்ல் ஒரு காபியை லோர்னாவின் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"பையன் வர்றானாமே."

"வர்றான்."

"பயப்படாதீங்க. இத்தனை வருஷம் என் வாயில வராத வார்த்தை இன்னிக்கும் வராது."

லோர்னா கோப்பையையே பார்த்தாள். "ஏன் பர்ல்? உங்களுக்கு என்ன தலையெழுத்து?"

"என்னை அவன் வெறுத்தா எனக்கு நாலு வண்டி குறைச்சலா விக்கும். உங்களை வெறுத்தா அவனுக்குப் போக ஒரு வீடு இருக்காது." பர்ல் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். "என்னை நல்லவன்னு நினைச்சுடாதீங்க. அந்த ஹெல்மெட்டெல்லாம் நான் அவனுக்குக் கொடுத்ததைப்போலப் பத்து மடங்குக்கு வித்தேன்."

கண்ணாடிக் கதவு திறந்தது. தூசியும் ரெட்டும் ஒன்றாக உள்ளே வந்தார்கள்.

முப்பத்து மூன்று வயதிலும் அந்தத் தோள் அப்படியே இருந்தது. ஆனால் நகக்கண்ணில் எவ்வளவு தேய்த்தாலும் போகாத டயர்க் கரி. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை. நேரே பர்லைப் பார்த்தான்.

"ஞாயித்துக்கிழமை வண்டி விக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே பர்ல். ஆளை விக்கலாமா?"

படம் எடுக்க வந்த பெண் விளக்கைச் சரி செய்கிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ரெட், சண்டைக்கு நான் உன்னைக் கூப்பிடலை." வெள்ளைச் சட்டையோடு டெஸ்ஸா ஓடி வந்தாள். "கேளு. படத்துல நீயும் நிக்கணும். எனக்கு எட்டு வயசுலேர்ந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து என் பந்தைப் பிடிச்சவன் நீதானே? அதே மாதிரி உட்காரு. நான் வீசற மாதிரி எடுக்கட்டும். பணத்துல உனக்குப் பாதி. மிஸ்டர் ஸ்ட்ரௌட் சரின்னுட்டார்."

ரெட்டின் முகம் சிவந்தது. "எனக்குப் பிச்சை போடறியா?"

"ரெட்!"

"அன்னிக்கு நான் கையெழுத்துப் போட்டேன். திருடன்னு சொல்லி என் சாமானையெல்லாம் அட்டைப் பெட்டியில போட்டு வெளியே வச்சாங்க. இன்னிக்கு நீ போடறே. எப்படிச் சிரிச்சுக்கிட்டுப் போடணும்னு அதே காலேஜ்ல பாடம் நடத்தறாங்க. அதே கடை, அதே ஆளு, அதே பேனா." அவன் தங்கையைப் பார்த்தான். "உன் மேல கோபம் இல்லை டெஸ். சத்தியமா இல்லை. சட்டம் மாறினது நல்லதுதான். இந்த ஆளு மாறலையே. நாளைக்கு உனக்கு ஒரு கஷ்டம்னா, முதல்ல வாயைத் திறக்கிறவன் இவனாத்தான் இருப்பான்."

டெஸ்ஸா பர்லின் பக்கம் திரும்பினாள். மைதானத்தில் எதிரில் மட்டையோடு நிற்பவளைப் பார்க்கிற பார்வை.

"சார், இதுவரைக்கும் நான் இதை உங்ககிட்ட கேட்டதில்லை. அன்னிக்கு என் அண்ணனைக் காட்டிக் கொடுத்தது நீங்களா?"



இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பர்லுக்கு அந்த ஒப்பந்தம் கிடைக்கும். ஆனால் அடுத்த கேள்வி, பின்னே யார், என்று வரும். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் லோர்னாவின் பக்கம் திரும்பாமலே இருந்தார். அதுவே அவளைக் குத்தியது.

"ஆமாம்மா" என்றார் பர்ல். "நான்தான்."

 டெஸ்ஸா பையிலிருந்து புது வண்டியின் சாவியை எடுத்துப் பக்கத்திலிருந்த வண்டியின் முன்மூடி மேல் வைத்தாள்.

"நன்றி சார். எனக்கு வேண்டாம்."

இப்போதாவது சொல், இப்போதாவது சொல் என்று லோர்னாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் வாசலைத் தாண்டிவிட்டார்கள். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, பர்லின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அவர்கள் பின்னால் நடந்தாள்.

* * *

ரெட்டின் பழைய பிக்-அப்பில் ஒரே நீளமான இருக்கை. ஓட்டுகிறவன் ரெட், அந்த ஓரம் டெஸ்ஸா, நடுவில் லோர்னா. பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோதுகூட அவள் இப்படி நடுவில் உட்கார்ந்ததில்லை.

ரெட் சீட்டியடித்தான். லோர்னா அதைக் கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது.

"டெஸ், அவன் மூஞ்சியைப் பார்த்தியா? சுண்டிப் போச்சு."

"புது வண்டி போச்சேன்னு எனக்கும்தான் சுண்டுது" என்றாள் டெஸ்ஸா. இரண்டு பேரும் அம்மாவின் தலைக்கு மேல் சிரித்துக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலையில காபிக் கடையில முதல் வேலை இதுதான். ஊர்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்றேன். அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்னு சொல்றேன். பேப்பர்காரனையும் கூப்பிட்டுச் சொல்றேன். அப்புறம் இந்த ஊர்ல அவன்கிட்ட எவன் வண்டி வாங்கறான்னு பார்க்கலாம்."

"வண்டியை நிறுத்து ரெட்" என்றாள் லோர்னா.

"என்னம்மா, குமட்டுதா?"

"நிறுத்து."

இரண்டு பக்கமும் அறுவடைக்கு நிற்கும் பருத்தி. ஓரமாக வண்டி நின்றது.

"பர்ல் பொய் சொன்னாரு." லோர்னா கண்ணாடி வழியாக நேரே சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அவரு அன்னிக்கு ஒரு வார்த்தை பேசலை. சொன்னது நான்."

ரெட் சிரித்தான். "என்ன உளர்றே?"

"காலேஜ் ஆபீஸ்லேர்ந்து ஒரு பொம்பளை வீட்டுக்கு வந்தா. ரொம்ப மரியாதையாப் பேசினா. உண்மையைச் சொன்னா ரெண்டு மூணு ஆட்டம் உட்கார வைப்பாங்க, அதோட முடிஞ்சிடும், மறைச்சாத்தான் பையனுக்குக் கெடுதல்னா. நான் நம்பினேன். பர்ல் பணம் கொடுத்தாரு, என் காரைச் சரி பண்ண அவன் வாங்கினான்னு சொன்னேன்."

இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. ரெட் சாவியைத் திருப்பி அணைத்தான்.

"நான் அதுக்கு முந்தின நாளே இல்லைன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்மா. பணம் வாங்கினதுக்காக என்னைத் துரத்தலை. பொய் சொன்னதுக்காகத் துரத்தினாங்க."

"நீ அப்படி எழுதிக் கொடுத்தது எனக்குத் தெரியாது."

"கேட்டிருக்கலாமே." அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு ஃபோன். ரெட், இப்படி ஒருத்தி வந்திருக்கா, என்ன சொல்லட்டும்னு ஒரே ஒரு ஃபோன்."

"பண்ணியிருக்கணும்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

லோர்னாவுக்குப் பொய் சொல்லிவிடலாம் என்று வாழ்க்கையில் முதல் முறையாகத் தோன்றியது. கடைசி நான்கு மாதம் டேலைக் குழந்தையைப்போலத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டியவன் இவன்.

"தெரியும்" என்றாள்.

ரெட் கதவைத் திறந்து இறங்கினான். கதவைச் சாத்தக்கூட இல்லை. சாலையோரமாகக் காற்றை எதிர்த்து நடந்துகொண்டே போனான்.

* * *

டெஸ்ஸா நகராமல் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைத் திட்டப்போகிறாள் என்று லோர்னா காத்திருந்தாள். வந்தது வேறு.

"அம்மா, என்னைப் பத்தி அந்த ஆபீஸ்லேர்ந்து உனக்கு ஃபோன் வரும்."

"எதுக்கு?"

"ஸ்ட்ரௌட் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கேட்டேன் இல்லையா? என் பாங்க் கணக்கைப் பார்த்தாங்க. கோடைக்காலத்துல வந்த ஒரு பணம் எங்கேயிருந்து வந்ததுன்னு கேட்டாங்க." அவள் கைவிரல்களைப் பின்னிப் பின்னிப் பிரித்தாள். "ஃபோன்ல ஒரு விளையாட்டு ஆப். அதுக்கு ரெண்டு வீடியோ பண்ணிக் கொடுத்தேன். எந்த அணி ஜெயிக்கும்னு சொல்லணும், அவ்வளவுதான். அது பந்தயம் கட்டற ஆப்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. எதுக்கு வேணும்னாலும் விளம்பரம் பண்ணலாம்மா. சூதாட்டத்துக்கு மட்டும் கூடாது. எதைப் பண்ணினாலும் ஆபீஸ்ல சொல்லவும் வேணும். நான் ரெண்டையும் மீறிட்டேன்."

"அந்தப் பணம் எங்கே?"

"நம்ம தலைக்கு மேலதான். ஆலங்கட்டி மழையில வீட்டுக் கூரை போச்சே, அதை மாத்தினது அந்தப் பணம்தான். உதவித்தொகையில மிச்சம்னு உன்கிட்ட சொன்னேன்."

"ஆபீஸ்ல என்ன சொன்னே?"

"அம்மா கொடுத்த பணம்னு சொன்னேன்." டெஸ்ஸாவின் கண் நிறைந்துவிட்டது. "அம்மாவையே கேட்டுக்கறோம்னுட்டாங்க. இப்ப அங்கே இருக்கற பொம்பளைக்கு ஞாயித்துக்கிழமையெல்லாம் கிடையாது. இன்னிக்கே கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்க. நீ என்ன சொல்லுவே?"

காற்றில் வண்டி ஆடியது. தூரத்தில் ரெட் ஒரு கறுப்புப் புள்ளியாகிக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பொய் வராது" என்றாள் லோர்னா மெதுவாக. "அது உனக்குத் தெரியும். ஆனா உனக்கு முன்னாடி நான் சொல்ல மாட்டேன். நீயே போய்ச் சொல்லு டெஸ்ஸா. நான் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கறேன்னு நீயே சொல்லு. அன்னிக்கு ரெட்டுக்கு நான் அந்த வாய்ப்பைக் கொடுக்கலை."

"சொன்னா இந்த வருஷ ஆட்டமெல்லாம் போயிடும்மா. ஒருவேளை அணியே போயிடும்."

"போகலாம்."

டெஸ்ஸா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இறங்கி, ரெட் போன வழியில் ஓட ஆரம்பித்தாள்.

தூசி படிந்த கண்ணாடி வழியாக லோர்னா பார்த்துக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா போய்ச் சேர்ந்தபோது ரெட் திரும்பவில்லை. அவள் பேசினாள். கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். அவன் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தான். திடீரென்று இரண்டு அடி எட்டிப் போனான், திரும்பி வந்தான், அவளுக்கு நேரே நின்று ஏதோ கேட்டான். அவள் தலையாட்டினாள். கடைசியில் அவன் கை தங்கையின் பிடரியில் போய் விழுந்து அங்கேயே நின்றது.

ஒரு வார்த்தைகூட லோர்னாவின் காதில் விழவில்லை.

இருவரும் திரும்பி வந்தார்கள். டெஸ்ஸா இந்த முறை நடுவில் ஏறினாள். லோர்னா ஜன்னலோரம் ஒதுங்கி இடம் கொடுத்தாள். 

ரெட் வீட்டு வாசலில் நிறுத்தினான். இயந்திரத்தை அணைக்கவில்லை.

"பையை எடுத்துக்கிட்டு வா" என்றான் தங்கையிடம். "இன்னிக்கே காலேஜ் ஊருக்குப் போய்த் தங்கிடுவோம். காலையில அந்த ஆபீஸ் கதவு திறக்கும்போது நாம வாசல்ல நிக்கணும்."

"உனக்கு வேலை இருக்கே."

"டயர் தானா உருண்டு போயிடாது. போ."

டெஸ்ஸா உள்ளே ஓடினாள். லோர்னா இறங்கிச் சுற்றிக்கொண்டு அவன் பக்க ஜன்னலுக்கு வந்தாள். கண்ணாடி இறங்கித்தான் இருந்தது. அவன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ரெட்."

அவள் ஜன்னல் விளிம்பில் கை வைத்தாள்.

"அடுப்புல இறைச்சி வெந்திருக்கும். ரெண்டு ரொட்டியில வச்சுக் கட்டித் தரேன். வழியில சாப்பிடலாம்."

அவன் கியரில் கை வைத்தான். டெஸ்ஸா பையோடு வந்து ஏறினாள். அம்மாவின் கன்னத்தில் முத்தம் கொடுக்க ஜன்னல் வழியாக அவளால் எட்டவில்லை. கையை மட்டும் தொட்டாள்.

வண்டி பின்னால் நகர்ந்தது. சாலைக்குத் திரும்புவதற்கு முன் ரெட் பிரேக்கை மிதித்தான். அப்போதுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"நாங்க போய்ச் சேர்ற வரைக்கும் யாரு ஃபோன் பண்ணினாலும் எடுக்காதே" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

வண்டி திருப்பத்தில் மறைந்தது. தூசி அடங்கும்வரை லோர்னா அங்கேயே நின்றாள். உள்ளே போனாள். வெண்டைக்காய் மாவில் புரண்டபடி அப்படியே இருந்தது. தட்டை எடுத்து மூடப் போனபோது கைப்பைக்குள் ஃபோன் அடித்தது.

எடுத்துப் பார்த்தாள். தெரியாத எண். பல்கலைக்கழக ஊரின் எண்.

அடித்து நின்றது. மறுபடி அடித்தது. யார் அழைத்தாலும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுகிறவள் லோர்னா. மேஜை மேல் ஃபோனைக் குப்புற வைத்துவிட்டு, அது நிற்பதற்காகக் காத்துக்கொண்டு, எதிரில் உட்கார்ந்தாள்.

அது நிற்கவில்லை.